மோட்டாருக்குப் பொட்டு போதும்

கோட்டையூரில் ஆயுத பூசை வந்துவிட்டால் இரும்பென்று பெயர் உள்ள எதுவும் குளிக்காமல் தப்பாது. அரிவாள் குளிக்கும், சைக்கிள் குளிக்கும், டவுன் பஸ் குளிக்கும். அதோடு நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை. கிரைண்டரும் குளிக்கும், மிக்சியும் குளிக்கும், கிணற்று மோட்டாரும் குளிக்கும். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, தேங்காய் நாரால் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டிக் கும்பிட்டு, மறுநாள் காலையில் சுவிட்சைப் போடுவார்கள். ஒரு முனகல் கேட்கும். கொஞ்சம் புகை வரும். அப்புறம் எல்லாரும் காளீஸ்வரியைத் தேடி வருவார்கள்.

காளீஸ்வரி காயில் ஒர்க்ஸ், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, பாண்டீஸ்வரி அக்காவின் இட்லிக் கடைக்கு அடுத்த ஷட்டர். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி எறிந்து, புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கிற கடை. நாற்பதைத் தாண்டிய காளீஸ்வரி அங்கே மணைப்பலகை போட்டுத் தரையில்தான் உட்கார்ந்திருப்பாள். நாற்காலி வாங்கிப் போட்டார்கள். அதில் வாடிக்கையாளரின் மோட்டாரை உட்கார வைத்துவிட்டாள்.

திருப்பத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் கிராமத்தில், கடலை போட்டுக் கடலை பறித்துப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவள். ஈஸ்வரனைக் கட்டிக்கொண்டு கோட்டையூர் வந்தாள். ஈஸ்வரன் டவுன் பஸ் கண்டக்டர். கல்யாணத்துக்குச் சீராக வந்த மின்விசிறி முதல் கோடையிலேயே புகைந்துபோக, அதைக் காரைக்குடியில் ஒரு கடையில் கொடுத்துவிட்டு, 'நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க' என்ற பாட்டைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். ஒருநாள், செய்து முடிக்கிற வரைக்கும் நகரமாட்டேன் என்று கடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரருக்கு விரல்கள் நல்ல தடிமன். கம்பி சுற்றுவதற்கு முன்னால், விசிறி மோட்டாரின் இரும்பில் வரிசையாக இருக்கிற பள்ளத்துக்குப் பள்ளம் ஒரு காகிதத்தை மடித்துச் செருக வேண்டும். அந்த மனிதர் செருகுகிற வேகத்தில் அடுத்த கோடையே வந்துவிடும்போல இருந்தது. "குடுங்கண்ணே இங்குட்டு" என்று வாங்கி, பூக்கட்டுகிற கையால் மடமடவென்று செருகி முடித்தாள். கடைக்காரர் விசிறியையும் கொடுத்து, மறுநாளிலிருந்து வேலைக்கு வரச் சொல்லியும் அனுப்பினார். இதுதான் அவள் தொழிலுக்கு வந்த கதை. இதில் வீரமும் இல்லை, சபதமும் இல்லை. விசிறிதான் இருக்கிறது.

மோட்டாரென்றால் எல்லாரும் செம்புக் கம்பியைத்தான் பேசுவார்கள். காளீஸ்வரிக்குக் கம்பிமேல் பெரிய மரியாதை கிடையாது. அவளுடைய மரியாதையெல்லாம் கம்பிக்கும் இரும்புக்கும் நடுவில் நிற்கிற காகிதத்துக்குத்தான். லெதராய்டு பேப்பரென்று பழுப்பாக, அட்டைபோல ஒன்று. மைலார் என்று கண்ணாடித்தாள்போல ஒன்று. கம்பி முனைகளுக்கு மாட்டிவிடுகிற துணிக்குழாய், பள்ளத்தின் வாயை அடைக்கிற மூங்கில் சிம்பு, கடைசியில் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கிற வார்னிஷ். இவற்றில் ஒன்று கிழிந்தாலும் கரண்டு இரும்புக்குத் தாவும், தொட்டவர் தூக்கி எறியப்படுவார். விருந்துப் பந்தியில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளிகளுக்கு நடுவில் ஒருத்தர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாரே, அந்த ஆள்தான் இந்தக் காகிதம் என்பாள். சண்டை வராமல் இருக்கிற வரைக்கும் அவர் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது.

எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது மைக்கா. முதல்முதலாக ஒரு இஸ்திரிப் பெட்டியைப் பிரித்தபோது உள்ளே தகதகவென்று ஒரு தகடு, அதன்மேல் சூடேறுகிற கம்பி சுற்றியிருந்தது. ஊரில் ஆற்று மணலில் சிறு வயதில் பொறுக்கிச் சேர்த்த காக்காப்பொன்தான் அது என்று தெரிந்ததும், கடையில் ஆள் இருப்பதையும் மறந்து சத்தமாகச் சிரித்தாள். எத்தனை சூட்டிலும் கருகாது, கரண்டையும் விடாது. பின்னால் அதே காக்காப்பொன்னை நுணுக்கிக் காகிதமாகவே செய்கிறார்கள் என்று தெரிந்தது. ஆலைகளின் பெரிய மோட்டார்களுக்குச் சுற்றுகிற அந்த மைக்கா பேப்பர் கொஞ்சம் மிச்சம் கிடைத்தபோது, பட்டுத்துணி கிடைத்ததுபோல மடித்து வைத்துக்கொண்டாள்.

அந்தப் பட்டு கடைசியில் அம்மனுக்குப் போனது. தெருக்கோடி அம்மன் கோயிலில் பூசை நேரத்துக்கு மேளம் அடிக்க ஆளில்லை என்று பூசாரி மாயக்கண்ணன் புலம்பிக்கொண்டிருந்தார். காளீஸ்வரி, யாரோ குளிப்பாட்டிக் கொன்ற ஒரு கிரைண்டர் மோட்டாரை எடுத்து, புதுசாகச் சுற்றி, முரசையும் சேகண்டியையும் மணியையும் தானே அடிக்கிற ஒரு மேள மிஷினைச் செய்து கொடுத்தாள். அந்தச் சின்ன மோட்டாருக்கு மைக்கா பேப்பர் கொஞ்சமும் தேவையில்லை. ஆனாலும் சுற்றினாள். சாமி காரியம் என்றால் கணக்குப் பார்ப்பாளா? அன்று முதல் சாயங்காலம் சுவிட்சைப் போட்டால் டம் டம் டிங் என்று தெருவே அதிரும். காளீஸ்வரி கடையில் கம்பி சுற்றிக்கொண்டே தலையாட்டுவாள்.

இத்தனை இருந்தும் அவளுக்கு ஒரே ஒரு ஏக்கம் இருந்தது. குற்றாலம். புதுப் பெண்ணாக இருந்தபோது ஈஸ்வரன் சொன்ன வாக்கு அது. அருவி கொட்டுகிற ஆனி ஆடியில் கிணற்று மோட்டார்கள் வரிசையாகப் புகையும். மழைக் காலத்தில் அருவியில் தண்ணீர் விழும்போது ஆயுத பூசை வந்துவிடும், குளித்த மோட்டார்கள் குவியும். அதை முடித்து நிமிர்ந்தால் தீபாவளி முறுக்குக்கு மாவாட்டுகிற கிரைண்டர்கள். இப்படியே பெண்ணைப் பெற்று, படிக்க வைத்து, வேலைக்கும் அனுப்பியாயிற்று. குற்றாலம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அதனால் இந்த வருடம் கச்சை கட்டிக்கொண்டு இறங்கினாள். ஷட்டரில் பெரிய எழுத்தில் ஒரு பலகை மாட்டினாள்: 'மோட்டாருக்குப் பொட்டு போதும். குளியல் வேண்டாம்.' கடைக்கு வந்தவர்கள், வராதவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரிடமும் சொன்னாள். கானாடுகாத்தானில் ஹோட்டலாகிவிட்ட பெரிய வீட்டுக்குப் போன் போட்டும் சொன்னாள். இட்லிக் கடையில் எல்லார் காதிலும் விழும்படி அறிவிப்பும் செய்தாள்.

"இந்த வருசம் பூசைக்கு மறுநா ஒரு மோட்டாரும் என் கடைக்கு வரலைன்னா, அதுக்கு மறுநா விடியக்காலம் மொத பஸ்ஸுல குத்தாலத்துக்குப் போறேன். ஒன்னு வந்தாலும் போகமாட்டேன். தண்ணியில நனைஞ்சதப் போட்டுட்டுப் போக எனக்கு மனசு வராது."

"நீ போறதும் போகாததும் எங்க கையிலயா இருக்கு?" என்றாள் பாண்டீஸ்வரி அக்கா.

"உங்க கையில இருக்க கொடத்துல இருக்கு" என்றாள் காளீஸ்வரி.

வீட்டில் அவளுக்கு இன்னொரு ஆபத்து இருந்தது. அதன் பெயர் ஈஸ்வரன். தங்கமான மனிதன், ஆனால் கழுவுகிற பைத்தியம். தான் போகிற பஸ்ஸின் சக்கரத்தைக்கூடப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்ப்பான். பூசைக்கு முதல்நாளே காளீஸ்வரி மிக்சியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கோயிலை மட்டும் மறந்துவிட்டாள்.

விஜயதசமி விடிந்தது. காளீஸ்வரி கடையைத் திறந்து, மணையில் உட்கார்ந்து, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் வரவில்லை. வெயில் ஏறியது, யாரும் வரவில்லை. கடை வைத்திருக்கிறவர்கள் ஈ ஓட்டினால் வயிறெரிவார்கள். இவளுக்கோ ஒவ்வொரு ஈயையும் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

காலையில் சாப்பிடப் போனபோதே பாண்டீஸ்வரி அக்காவின் கடையில் இட்லி வழக்கத்தைவிட மெத்தென்று இருந்தது.

"என்னக்கா, இன்னைக்கு இட்டிலி இம்புட்டு நல்லாருக்கு?"

"புது அரிசி" என்று சொல்லிவிட்டு அக்கா தோளைப் பிடித்து நீவிக்கொண்டே உள்ளே போனாள்.

மத்தியானம் சேலையை இஸ்திரி போடக் காளிராஜிடம் கொண்டுபோனாள். பரணில் கிடந்த கரிப்பெட்டியை எடுத்துக் கங்கு போட்டு விசிறிக்கொண்டிருந்தான் அவன்.

"கரண்டுப் பெட்டி என்னாச்சு?"

"அதுவா, சும்மா... கரிப்பெட்டியில தேச்சாத்தான் மடிப்பு நிக்கும்ங்கிறாகக்கா" என்று துணியைப் பார்த்தே பதில் சொன்னான்.

காளீஸ்வரிக்குச் சந்தேகமே வரவில்லை. சந்தோஷம் வந்துவிட்டால் மனிதருக்குக் கண் பாதிதான் தெரியும். ஊர் திருந்திவிட்டது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். ஷட்டரை இறக்கி, வீட்டுக்கு வந்து, பையில் துணிகளை அடுக்கினாள். மாற்றுச் சேலை, துண்டு, தேங்காய் எண்ணெய், சீயக்காய்த்தூள். செல்போன் நனையாமலிருக்க மைலார் தாளில் ஒரு உறை செய்து ஓரத்தை ஒட்டினாள். அப்படியே பாடவும் செய்தாள். அவளுக்குப் பாட்டு வராது, அது பற்றி அவளுக்குக் கவலையுமில்லை.

அப்போது கோயிலில் சாயங்கால பூசைக்கு மேளம் கேட்டது. டம் டம் டிங்.

காளீஸ்வரியின் கை நின்றது. டம் டம்... டிங். டம் டம் டம், கொஞ்சம் இழுத்து, டிங்.

மோட்டாருக்கு மூச்சு வாங்காது. அவள் சுற்றிய மோட்டார் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் மயிரிழைகூடத் தப்பாது. இதுவோ ஒரு சமயம் ஓடுகிறது, ஒரு சமயம் நொண்டுகிறது, ஒரு சமயம் எதையோ சொறிந்துவிட்டு வந்து மறுபடி அடிக்கிறது. அவள் பையை அப்படியே போட்டுவிட்டுக் கோயிலுக்கு நடந்தாள்.

கோயிலில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. மேள மிஷின் நிற்கிற மூலைக்குத் துணி கட்டி மறைத்திருந்தார்கள். காளீஸ்வரி துணியை விலக்கினாள். உள்ளே ஈஸ்வரன் உட்கார்ந்திருந்தான். ஒரு கையால் முரசை அடித்து, இன்னொரு கையால் சேகண்டியைத் தட்டி, கால் கட்டைவிரலில் கயிறு மாட்டி மணியையும் இழுத்துக்கொண்டிருந்தான். வேர்வை ஒழுகியது. அவளைப் பார்த்ததும் கை நின்றது, கால் மட்டும் இன்னும் இரண்டு தடவை மணி அடித்தது.

"ஏங்க, என்ன பண்றீக?"

"மிஷினு கொஞ்சம் மெதுவா ஓடுச்சு. அதான் தொணைக்கு..."

"குளுப்பாட்டுனீகளா?"

ஈஸ்வரன் தலையைக் குனிந்தான். "எல்லாத்தையும் கழுவியாச்சு. இது ஒன்னுதான் அழுக்கா நின்னுச்சு. அம்மனுக்கு முன்னால இப்பிடி நிக்கிதேன்னு மனசு கேக்கல."

"எம்புட்டு ஊத்துனீக?"

"ஒரு கொடம் இருக்கும்."

"மூணு கொடம்" என்றார் மாயக்கண்ணன், தீபாராதனைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு. "அப்புறம் அபிசேகத்துல மிச்சமான பாலு."

"பாலுமா?"

"அது நானு" என்றார் பூசாரி, மெதுவாக.

காளீஸ்வரிக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஊருக்கெல்லாம் பலகை மாட்டியவளின் புருஷன், அவளே சுற்றிய மோட்டாரை, அவள் பெயர் எழுதிய மிஷினோடு சேர்த்துக் குளிப்பாட்டியிருக்கிறான். கோபத்துக்குப் பின்னாலேயே கணக்கும் வந்தது. ஒரு மோட்டார் வந்துவிட்டது. அதுவும் தட்ட முடியாத மோட்டார். குற்றாலம் இந்த வருடமும் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்து, மோட்டாருக்குள் மூக்கை நீட்டி முகர்ந்தாள். கருகிய வார்னிஷ் வாடை இல்லை. ஈரக் காகிதமும் பாலும் சேர்ந்த ஒரு புளிச்ச வாடைதான்.

"வேகல. சுச்சுப் போட்டதும் பீஸு போயிருச்சாக்கும். நனைஞ்சதோட தப்பிச்சிருச்சு. ஒரு துணி குடுங்கண்ணே."

"துணியெல்லாம் இல்ல" என்று பூசாரி பதறினார். அவர் பதறியதுதான் தப்பாகப் போயிற்று. துணி எங்கே இருக்குமென்று அவளுக்குத் தெரியும். நேராகப் போய் மடப்பள்ளிக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே பொங்கல் பானைகளுக்குப் பக்கத்தில், குளித்து முழுகி, சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு, வரிசையாக உட்கார்ந்திருந்தன மோட்டார்கள். பாண்டீஸ்வரி அக்காவின் கிரைண்டர். காளிராஜின் இஸ்திரிப் பெட்டி. யார் யாருடையவோ மிக்சிகள். ஒரு மேசை விசிறிக்குப் பூமாலைகூடப் போட்டிருந்தார்கள். கானாடுகாத்தான் ஹோட்டலின் தண்ணீர் மோட்டார் ஒரு மூலையில் எலுமிச்சம்பழத்தோடு இருந்தது. விசேஷ வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் பந்திக்குக் காத்திருப்பதுபோல எல்லாம் பேசாமல் இருந்தன.

பின்னாலேயே பாண்டீஸ்வரி அக்கா ஓடி வந்தாள். யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"நீ எதுக்குத்தா இதத் தொறந்தே?"

"என்னக்கா இது?"

"என்னத்தச் சொல்ல. நீ பலகையெல்லாம் மாட்டிச் சொன்னே. நாங்களும் சரி சரின்னுதான் சொன்னோம். அன்னைக்குக் காலையில கொடத்தக் கையில எடுத்ததும் எல்லாம் மறந்துபோச்சு. பழக்கம்." அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "என் கிரைண்டரு ராத்திரி மாவாட்டப் போட்டப்பவே போயிருச்சு. காலையில மத்தவுகளும் ஆளாளுக்குத் தூக்கிட்டு வந்துட்டாக. நாந்தான் முக்குலயே மறிச்சு இங்குட்டுத் திருப்பி விட்டேன். அந்தப் புள்ள குத்தாலம் போகட்டும், வந்து பாத்துக்கும், அதுவரைக்கும் யாரும் மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லிட்டேன்."

"காரைக்குடியில கடையே இல்லையா? குடுத்திருக்கலாம்ல?"

"ஏன், எங்களுக்கு நீ இல்லையா?"

காளீஸ்வரிக்கு அப்போதுதான் மெத்தென்ற இட்லியும், அக்கா நீவிய தோளும், காளிராஜின் கரிப்பெட்டியும் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கின. கோட்டையூரே காதும் காதும் வைத்தாற்போல, ஆட்டுக்கல்லில் மாவாட்டி, கங்கு ஊதி, கை நோக மேளம் அடித்திருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. ஒரு மிக்சியின் குங்குமம் கையில் ஒட்டியதுகூடத் தெரியாமல் கண்ணைத் துடைத்தாள். முகமெல்லாம் குங்குமம். மனசு நிறைந்துபோய் நின்றாள், வேறெப்படிச் சொல்வது.

பழக்கம் அவளுக்கும் விடாதே. கை தானாகக் கிரைண்டரின் திருகாணியைத் தேடியது.

"தொட்டே, கைய ஒடிச்சுப்புடுவேன்" என்றாள் பாண்டீஸ்வரி அக்கா.

"ஒன்னு வந்தாலும் போகமாட்டேன்னு சொன்னேனேக்கா."

"உன் கடைக்கு வந்தாத்தான? இது சாமி வீடு" என்றார் மாயக்கண்ணன். பால் ஊற்றிய மனிதருக்குத் திடீரென்று சட்டமெல்லாம் தெரிந்துவிட்டது. "நீ போகலைன்னா இம்புட்டுப் பேரு பட்ட பாடு எதுக்காச்சு? மேளத்த நாங்க அடிச்சுக்கிறோம். ஈஸ்வரன விட நல்லாவே அடிப்போம்."

அன்று இருட்டுவதற்குள் அவள் ஒரே ஒரு காரியம்தான் செய்தாள். மேள மிஷினிலிருந்து மோட்டாரைக் கழற்றி, நல்ல தண்ணீரில் பாலை அலசிவிட்டு, காளிராஜின் இஸ்திரி வண்டியில் கரிப்பெட்டிச் சூடு படுகிற இடத்தில் தொங்கவிட்டாள். மற்றதையெல்லாம் தினமும் வெயிலில் வைக்கச் சொன்னாள். சுவிட்ச் பக்கம் போகிறவரைத் தொலைத்துவிடுவதாகவும் சொன்னாள்.

ஊர் விழிக்கும் முன்னால் முதல் பஸ் அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. ஈஸ்வரன் வழிநெடுக அந்த பஸ்ஸின் அழுக்கு ஜன்னலைப் பார்த்துக் கை பரபரக்க உட்கார்ந்திருந்தான். காளீஸ்வரி அவன் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அருவியில் தண்ணீர் கொட்டு கொட்டென்று கொட்டியது. பெண்கள் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காளீஸ்வரி தலையைக் கொடுத்தாள். முதலில் மூச்சு முட்டியது. தோளிலும் முதுகிலும் தண்ணீர் அறைந்தது. இத்தனை வருடமாக ஒரு சொட்டு உள்ளே போகாமல் மடித்து, செருகி, பூசி, காயவைத்தவள், இப்போது எதையும் மூடவில்லை. பக்கத்தில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்திச் சிரித்தாள்.

மாலையில் தலை துவட்டிப் படியில் உட்கார்ந்திருந்தபோது மைலார் உறைக்குள் போன் அடித்தது. பூசாரி.

"தங்கச்சி, பூச நேரம். கேளு" என்று போனை மேளத்துப் பக்கம் நீட்டினார். டம் டம்... டம்... டிங் டிங். யார் யாரோ அடித்தார்கள். நடுவில் பாண்டீஸ்வரி அக்கா, "எங்கிட்டக் குடுய்யா" என்று பிடுங்குவது கேட்டது. யாரோ சிரித்தார்கள்.

"எப்பிடி இருக்கு?"

"ஒரு அடிகூட ஒழுங்கா இல்லண்ணே" என்றாள் காளீஸ்வரி. "நா வந்து மோட்டார மாட்டுற வரைக்கும் இப்பிடியே அடிங்க."

பிறகு எழுந்து, போனை அருவிக்கு நேராக நீட்டி, கோட்டையூர் ஆசை தீரக் கேட்கட்டும் என்று அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஈஸ்வரன் அவளுடைய ஈரச் செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். போன் பேசி முடிந்ததும் அதை அவன் கையில் கொடுத்தாள்.

"இப்பத்தானே தலை காஞ்சுச்சு, மறுபடியும் எங்க போறே?" என்றான் அவன்.

"நனையத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் அருவிக்குப் போனாள்.